வால் ஒட்டினது

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுப் பிரிட்ஜைத் திறந்தால், முட்டை வைக்கிற தட்டில் முட்டை இருக்காது. மூடி போட்ட சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அந்துப்பூச்சி. முட்டைகள் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும். சொந்தக்காரர் யாராவது தண்ணீர் எடுக்கவென்று கதவைத் திறந்துவிட்டு, அதே வேகத்தில் மூடிவிட்டு, தனக்குத் தாகமே இல்லை என்று சொல்வார்.

நான் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். பகல் முழுக்க மற்றவர்களுடைய இரத்தத்தையும் சிறுநீரையும் நுணுக்குக்காட்டியில் பார்க்கிற வேலை. அதே கண்ணை வைத்துக்கொண்டு வீட்டிலும் ஏதாவது செய்யலாமே என்று, பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் பொதுமக்களுக்கு நடத்திய அந்துப்பூச்சி வகுப்புக்கு ஒருமுறை போனேன். சிங்களப் பெண்மணி, 'மேடம்' என்பதை நாங்கள் எல்லோரும் 'மடம்' என்போம். முதல் நாளே அவர் சொன்ன ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு அந்துப்பூச்சிகள் வெளியில் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும், ஆனால் வேறு வேறு இனமாக இருக்கும். இறக்கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வயிற்றைக் கழற்றி, காரக் கரைசலில் வேகவைத்து, நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் அது ஒவ்வொரு வடிவம்.

இதை வீட்டில் விளக்கியபோது என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். "இஞ்சரும், மற்ற ஆக்களின்ர குடும்ப விஷயத்துக்குள்ள உமக்கு என்ன வேலை?" என்று கேட்டார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அன்று தொடங்கிய பகிடியை அவர் இன்னும் முடிக்கவில்லை. யாராவது டெலிபோன் எடுத்து என்னைக் கேட்டால், "அவ ஒரு பூச்சியின்ர அந்தரங்கத்தோட இருக்கிறா" என்பார்.

நானாவை, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம், நான் கண்டுபிடித்ததும் இந்த நுணுக்குக்காட்டியால்தான். அதில் இருந்த சின்ன பல்ப் ஒருநாள் செத்துப்போனது. வெள்ளவத்தையில் இல்லை, பம்பலப்பிட்டியில் இல்லை, புறக்கோட்டையில் கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் கொட்டாஞ்சேனையில் மின்விளக்குக் கடை ஒன்றில், அறுபது வயது தாண்டிய முஸ்லிம் பெரியவர் ஒருவர் லாச்சிக்குள் கைவிட்டு, பார்க்காமலே அந்தப் பல்பை எடுத்து மேசையில் வைத்தார். "என்னத்துக்கு தங்கச்சி இது?" என்று கேட்டார். அந்துப்பூச்சி பார்க்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கட ஹெந்தளை வீட்டுச் செவத்துக்கு வாங்கொ. பூச்சி பெயின்ட் அடிச்ச மாதிரி ஈக்கி" என்றார்.

அவர் பிறந்தது கொட்டாஞ்சேனை. பிள்ளைகள் பெரிதாகி இடம் போதாமல் ஹெந்தளைக்கு வீடு மாறியவர். கடை மட்டும் பழைய இடத்திலேயே. கொட்டாஞ்சேனைச் சிநேகிதர்களுக்கு அது பெரிய குற்றம். சதுப்புக்குள் போய் விழுந்துவிட்டார், நுளம்புக்கு இரத்தம் கொடுக்கப் போய்விட்டார் என்று தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கழுவி ஊற்றுவார்கள். அவர் வீட்டுப் பின்சுவரில், கடையில் விலைபோகாத பழங்காலத்துப் பெரிய வெள்ளை லைட் ஒன்று எரியும். சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாயும் நாணல் பற்றையும். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடித்து வந்து பார்த்தால் சுவர் நிறைய அந்துப்பூச்சிகள் அசையாமல் இருக்குமாம். அன்று முதல் அவற்றில் நல்லதாக நாலைந்தை டப்பாவில் பிடிப்பதை அவர் தன் கடமையாக எடுத்துக்கொண்டார். பிடிப்பதற்கான அரசாங்க அனுமதி மடத்தின் பெயரில் இருந்தது. அதில் எங்கள் இருவரையும் உதவியாளர்களாகச் சேர்த்தார். நானா அந்தக் கடிதத்தின் பிரதியைக் கடைச் சுவரில் தொங்கவிட்டார்.

சனிக்கிழமைகளில் நான் காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனைக்குப் போவேன். டப்பாக்கள் ஒரு பல்ப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அடுக்கித் தயாராக இருக்கும். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுக் காகிதம். கடையின் பில் புத்தகத்தில் இருந்து கிழித்தது. எந்த இடம், எந்த நாள் என்று முதல் இரண்டு வரி. அதற்குப் பிறகு நானா மனதில் பட்டதையெல்லாம் எழுதுவார். 'மழை.' 'இதைப் புடிக்கப் பூனையும் வந்த.' 'மூத்த மருமகள் பயந்து கத்தின.' நான் இரண்டு வரியோடு வாசிப்பதை நிறுத்திவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் கணினியில் அழகாகச் சின்ன எழுத்தில் ஆங்கில லேபல் அச்சடித்து, பூச்சியின் ஊசியில் அதைக் குத்திவிட்டு, பில் துண்டைக் குப்பைக் கூடையில் போடுவேன்.

இதை இவ்வளவு இலேசாக எழுதுகிறேன். ஆனால் பூச்சி ஆராய்ச்சியில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பிடித்தவர் எழுதிய லேபல் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஊசியை விட்டுக் கழற்றக் கூடாது, புதியதை அதற்குக் கீழே குத்தலாம் என்று மடம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். நான் குறிப்பும் எழுதினேன். ஆனால் மசாலாத் தேத்தண்ணி பட்ட, பாதிக் கடைப்பெயர் தெரிகிற அந்தத் துண்டுகளை யார் லேபல் என்பார்கள்? அது பில், லேபல் இல்லை என்று எனக்கு நானே நீதவானாகித் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

நானாவுக்கு ஒரேயோர் ஆசை இருந்தது. புதிய இனம் ஒன்றை விவரித்து எழுதும்போது, முதல் மாதிரிப் பூச்சி எந்த ஊரில் பிடிபட்டதோ அந்த ஊரின் பெயரும் சேர்ந்து அச்சாகும். பிறகு உலகத்தில் யார் அந்த இனத்தைப் பற்றி எழுதினாலும் அந்த ஊரைச் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்ட நாளில் இருந்து அவருக்கு நித்திரை குறைந்தது. "ஹெந்தளை எண்டு அச்சில வரணும் தங்கச்சி. என்ட பேர் வராட்டிப் பரவாயில்ல. அந்தப் பேப்பரைக் கொண்டு போய் தேத்தண்ணிக் கடை மேசையில போடணும்." எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒரேயோர் இனம். அதற்குப் பிறகு ஓய்வு பெற்றாலும் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த ஒன்று கிடைத்தும் விட்டது என்றுதான் நினைத்தோம். நாணலில் வாழுகிற குடும்பம். வைக்கோல் நிறம், இறக்கையில் வெள்ளிக் கோடு ஒன்று. எல்லா இடத்திலும் கிடைக்கிற சாதாரணப் பூச்சி. அப்படி ஒன்றைக் கை பழகுவதற்காகக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்தது வெள்ளிக்கோட்டுப் பூச்சியினுடையது இல்லவே இல்லை. இரண்டு பக்கமும் வளைந்து, நுனியில் கொக்கி வைத்து, புத்தகங்களில் இருந்த எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாமல் இருந்தது. வெளியில் பழைய ஆள், உள்ளே புது ஆள். மடம் சொன்ன அதே கதை. நான் கதிரையை விட்டு எழும்பி, சமையலறையில் நின்ற கணவரைக் கட்டிப்பிடித்தேன். "பூச்சியில பட்ட கையோட என்னைத் தொடாதையும்" என்று அவர் ஓடினார்.

நாலு மாதம் எழுதினேன். படம் கீறினேன். இரண்டு இனத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணை போட்டேன். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் சொல்லியும் முடித்தேன். கோயிலில், மரக்கறிக் கடையில், லிப்டில். நானா கடைக்கு வருகிற ஆட்களுக்கு பல்போடு சேர்த்து ஹெந்தளையையும் விற்றுக்கொண்டிருந்தார்.

மடம் மட்டும் அவசரப்படவில்லை. பூச்சியின் ஒரு காலைத் தாருங்கள், மரபணு பார்த்துவிடுவோம் என்றார். கொடுத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தார். கால் நூற்றுக்கு நூறு சாதாரண வெள்ளிக்கோட்டுப் பூச்சியின் கால் என்றார். கால் ஒரு சாதி, வயிறு இன்னொரு சாதி. அப்படி ஒரு பிராணியை ஆண்டவன் படைக்கவில்லை.

வயிற்றைக் கழற்றிய பிறகு மிஞ்சியிருந்த பூச்சியை எடுத்து, நெஞ்சுப் பகுதியின் பின்புறத்தை முழு வெளிச்சத்தில் பார்த்தேன். மயிருக்கு நடுவே கடுகை விடச் சின்னதாக ஏதோ மினுங்கியது. ஊசி நுனியால் தொட்டேன். கடினமாக இருந்தது. பசை.

அந்துப்பூச்சி காய்ந்தால் அப்பளம். ஹெந்தளையில் இருந்து கடைக்கு வரும் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் வயிறு கழன்று டப்பாவுக்குள் உருளும். அதை யாரோ மிக மெல்லிய கையால், வெளியில் தெரியாமல் ஒட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. தலைமயிர் அளவுக் கம்பியைப் பழைய லைட்டுக்குள் ஒட்டவைக்கிற கை கொழும்பில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. உடைந்த சாமானை அப்படியே ஒருவர் கையில் கொடுப்பதை நானா மானக்கேடாக நினைப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது என் மனதைப் பற்றி நானே மெச்சிக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது, அடக்கினேன். மனிதர் நல்லெண்ணத்தில் செய்தது. குற்றம் சொல்லக் கூடாது. பக்குவமாகச் சொல்லி மன்னித்துவிட வேண்டும். ஹெந்தளை போச்சு என்று கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். புறக்கோட்டையில் இறங்கி மற்ற பஸ் ஏறும்வரை பொய்தான் வென்றுகொண்டிருந்தது. கடை வாசலில் அவர் சிரித்த முகத்தைக் கண்டதும் வாய் உண்மையைக் கக்கிவிட்டது.

"நானா, அந்தப் பூச்சிக்கு வால் நீங்கள் ஒட்டினதோ?"

"ஓம், ஒட்டின" என்றார் சாதாரணமாக. "அதான் எழுதித் தந்தேனே."

"எங்க எழுதினீங்கள்?"

"துண்டில."

அவர் மேசைக்குக் கீழே குனிந்து பில் புத்தகங்களை எடுத்தார். எங்கள் பூச்சிகளுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார். மேல் தாள் எனக்கு வரும். கார்பன் பிரதி புத்தகத்திலேயே இருக்கும். "நம்ம கடையில கொப்பி இல்லாம ஒண்டும் வெளிய போறதில்ல" என்றபடி பக்கம் புரட்டி, என் பக்கம் திருப்பினார். திகதிக்குக் கீழே நீல எழுத்தில் இருந்தது:

'ஹெந்தளை. பின் செவர். ரெண்டு பூச்சி, ஒரு டப்பா. பஸ்ஸில ரெண்டுக்கும் வால் கழண்ட. ஒட்டினது. எது எதுக்கெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.'

நான் மூன்று முறை வாசித்தேன். மன்னிக்கப் போன மகாராணி கடை முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெட்கம் காதுவரை சுட்டது. ஒட்டியவர் ஒட்டினேன் என்று எழுதி, கையெழுத்துப் போடாத குறையாகத் தந்திருக்கிறார். படிக்காமல் கூடைக்குள் போட்டது நான். இவ்வளவு காலமும் அவரிடம் "நானா, லேபல் ஒழுங்காக எழுதுங்கோ" என்று வகுப்பெடுத்ததும் நான்தான்.

"நானா, உங்கட துண்டெல்லாத்தையும் நான் எறிஞ்சுபோட்டன்" என்றேன்.

அவர் பில் புத்தகத்தை மூடினார். பிறகு, "எல்லாமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். முகம் வாடியதை நான் பார்த்தேன். அவர் மறைக்கவும் இல்லை. "பூனை வந்ததைக் கூடவா வாசிக்கல்ல?" என்றார். அதற்கு நான் அழுதிருக்க வேண்டும், சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஒரு ஃபேன் வாங்க வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றார்.

சிரித்து முடித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு பூச்சி. இரண்டுக்கும் வால் கழன்றது. அப்படியென்றால் மாறி ஒட்டியிருந்தால், அந்தக் கொக்கி வைத்த வயிற்றின் சொந்தக்காரன் இன்னொரு பூச்சி. அது எங்கே? நான் மறுபடி அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கோட்டுக்காரனோடு வந்தது ஒரு மண்ணிறப் பூச்சி. இறக்கை தேய்ந்து, பார்க்கவே சகிக்காத ஒன்று. 'சாதாரணம்' என்று எழுதிய பெட்டிக்குள் கழற்றிக்கூடப் பார்க்காமல் போட்டிருந்தேன். பில் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் த்ரீவீல் ஆட்டோவே பிடித்தேன்.

சாதாரணம் சாதாரணமாக இருக்கவில்லை. மண்ணிறத்தானின் பின்புறத்திலும் அதே மினுக்கம். அதில் ஒட்டியிருந்த வயிற்றைக் கழற்றி வேகவைத்துப் பார்த்தால், அது வெள்ளிக்கோட்டுக்காரனுடையது. தலையணை உறைகள் மாறிய கதைதான். அழகன் பழைய ஆள். இந்த அவலட்சணம்தான் புது ஆள். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் உம்மட பிழையால ரெண்டு குடும்பம் பிரிஞ்சிருந்திருக்கு" என்றார்.

மடத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். லேபல் எறிந்ததையும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்ன இரண்டு வாக்கியங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு, இரண்டு துண்டாக இருக்கிற பூச்சியை நம்பி எதையும் அச்சிட முடியாது, முழுதாக ஒன்று வேண்டும் என்றார். யாரும் கைவைக்காத ஒன்று. அது கிடைக்காவிட்டால் ஹெந்தளையும் இல்லை, இனமும் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் நானாவின் விடியற்காலைகள். மழைக்காலம் வந்து சுவர் வெறுமையாகியது. ஒரு மாதம் மின்வெட்டு. நாணலை யாரோ வெட்டினார்கள். ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும்: 'இல்ல.' சில நாள் 'இல்ல, ஆனா ஒரு அழகான பச்சை ஈக்கி.' நான் என் பங்குக்கு, மிச்சமிருந்த பூச்சிகளை எல்லாம் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஒட்டியவை எவை என்று பிரித்தேன். ஏழு. நானாவின் பிரதிகளை அவரைக் கொண்டே திரும்ப எழுதவைத்து, ஒவ்வொரு ஊசியிலும் குத்தினேன். என் அழகான லேபல்கள் அவற்றுக்குக் கீழே போயின.

மழை விட்டு வெயில் பிடித்த ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் இருந்து வந்து குளித்துக்கொண்டிருந்தேன். வீட்டு மணி அடித்தது. கடையைப் பூட்டிவிட்டு நானா வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு சோற்றுப் பெட்டி, அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் டப்பா. ஹெந்தளையில் இருந்து வெள்ளவத்தை வரை மடியில் வைத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாராம். வீதியில் பள்ளம் கிடங்கு வருகிற இடத்திலெல்லாம் சாரதியிடம் "அய்யே, ஹெமின்" என்று சிங்களத்தில் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சினாராம். டப்பாவுக்குள் மூன்று மண்ணிறப் பூச்சிகள், முழுசாக. ஒன்றின் முன்னிறக்கையில் மட்டும் சின்னக் கிழிசல். "அதைப் பார்த்த நேரம் கை துடிச்ச" என்றார். "தொடல்ல."

உள்ளே கொக்கி இருந்தது. காலும் வயிறும் ஒரே சாதி. கட்டுரையைத் திரும்ப முதலில் இருந்து எழுதினேன். மடம், நான், நானா என்று மூன்று பெயர் போட்டோம். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று எட்டு மாதம் இழுத்தடித்து ஏற்றுக்கொண்டது.

அச்சான பக்கங்களை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நானா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஹெந்தளையைத் தேடினார். நாலு இடத்தில் இருந்தது. நாலையும் தொட்டார். தன் பெயரை ஒருமுறை பார்த்து, தாண்டிப் போனார். தேத்தண்ணிக் கடைக்கு எத்தனை பிரதி எடுக்கலாம் என்று யோசித்தபடி பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த பக்கம் முழுவதும் படம். கிழிந்த இறக்கையோடு எங்கள் பூச்சி. இந்த மாதிரிக் கட்டுரைகளில் முதல் மாதிரியோடு அதன் லேபலையும் படம் பிடித்துப் போடுவது வழக்கம் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பூச்சிக்குப் பக்கத்தில், தேத்தண்ணிக் கறையோடு, பில் துண்டு இருந்தது. அதில் திகதிக்குக் கீழே அவருடைய கையெழுத்தில்: 'ஹெந்தளை. பின் செவர். சுபஹுக்குப் பொறகு. இறக்கை கிழிஞ்சது, ஒட்டல்ல.'

நானா அந்தத் துண்டின் படத்தை விரலால் தடவினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார்.

"இப்பிடி அச்சில வரும் எண்டு சொல்லீந்தா, எழுத்தைக் கொஞ்சம் அழகா எழுதீப்பேனே தங்கச்சி" என்றார்.